மதகுக்குத் தெரிந்த ஆங்கிலம்

செம்மணல்துறைக் கடல்மதகுக்கு உடம்பு இரும்பு, காது ஆங்கிலம். அந்த ஆங்கிலமும் இன்றைக்கு யார் வாயிலும் இல்லாத ஆங்கிலம். மதகைக் கட்டிய காலத்தில் பேசியது.

கடல் ஏறி வந்து கரையைத் தின்னத் தொடங்கியபோது ஒரு வெளிநாட்டு நிறுவனம் வந்து ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கழிமுகத்தில் நான்கு பெரிய கதவுகளை நிறுத்தி, அவற்றைக் காக்க ஓர் இயந்திர அறிவையும் உள்ளே வைத்துவிட்டுப் போனது. சாவியோ பொத்தானோ வைத்தால் எவனாவது திருடி ஊரை மூழ்கடித்துவிடுவான் என்று பயம். அதனால் மனுஷர் ஒருவர் எதிரே நின்று வாய்விட்டுச் சொன்னால்தான் மதகு கேட்கும். பதிவு செய்த குரல் செல்லாது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொன்னால் குரலிலேயே கண்டுபிடித்துவிடும், பதிலே பேசாது. கட்டிய நிறுவனம் பிற்பாடு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மதகின் அறிவைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களும் கூடவே போய்ச் சேர்ந்தார்கள். ஆங்கிலம் மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருந்திருந்தால் அது நல்ல ஏற்பாடுதான்.

அது எப்படி இருக்கும்? மனுஷரும் இயந்திரங்களும் கலந்து பேசிய வேகத்தில், நூறு வருஷத்தில் நகர வேண்டிய பொருள் நாலைந்து வருஷத்தில் நகர்ந்தது. மகன் பேசும் ஆங்கிலம் அப்பாவுக்குப் பிடிபடவில்லை, மதகுக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. அரசாங்கம் யோசித்து ஒரு வழி கண்டது. பழைய ஆங்கிலம் தெரிந்த ஒருவரை மதகுக்குள்ளேயே குடிவைப்பது, வெளிப்பேச்சு ஒரு சொட்டுகூட அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலைக்கு மதகுப் பேச்சாளர் என்று பெயர். ஊர்க்காரர்கள் மதகம்மா என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

வள்ளிமயில் உள்ளே போனபோது அவள் மகள் அருவிக்கு மூன்று வயது. பழைய ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பள்ளியை மூடுவதற்கு முன் கடைசியாகப் படித்து வந்தவர்களில் ஒருத்தி வள்ளிமயில். கடலுக்குப் போன புருஷன் தங்கவேல் திரும்பாத வருஷம் அது. பிள்ளையைத் தங்கவேலின் அக்கா வளர்க்க எடுத்துக்கொண்டாள். உள்ளே வந்த பிறகு வள்ளிமயிலுக்கு ரேடியோ கிடையாது, பேப்பர் கிடையாது, போன் கிடையாது. சரி, பெற்ற பிள்ளையோடு தமிழிலாவது பேசலாமே என்றால் அதற்கும் தடை. இந்த நாட்டில் யார் தமிழ் பேசினாலும் மூச்சுக்கு நாலு ஆங்கிலச் சொல் விழும், அந்த நாலும் இன்றைய பொருளில் விழும் என்று மதகு இலாகாவுக்குத் தெரிந்திருந்தது. அதில் அவர்கள் சொன்னது தப்பில்லை.

அதனால் வருஷத்துக்கு ஒரு தரம், பொங்கலுக்குப் பொங்கல், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் மகளும் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒலி வராத கண்ணாடி. அந்தப் பக்கம் அருவி வளர்ந்தாள். கவுன் போட்டு வந்தாள், பின்னல் போட்டு வந்தாள், ஒரு வருஷம் பக்கத்தில் ஒரு பையனை நிற்கவைத்துக் கழுத்துத் தாலியை எடுத்துக் காட்டினாள். இந்த வருஷம் வந்தவள் உட்காரவில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்று வயிற்றைக் காட்டினாள். வள்ளிமயில் அன்றைக்கே இலாகாவிடம் சொல்லிவிட்டாள்: தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வரவேண்டும், வீடு இல்லாவிட்டாலும் தாயாவது வேண்டும், என்னை விட்டுவிடுங்கள். இலாகாவும் ஒத்துக்கொண்டது. மாற்றாள் ஒருத்தி தயாராக இருந்தாள்.

அந்த மாற்றாள் ஜோவிதா, மதுரைக்காரி. ஆவணப் பள்ளியில் புருஷனையும் தகப்பனாரையும் பிரிந்து வருஷக்கணக்காகத் தங்கி, பழைய ஆங்கிலத்தைப் பதிவுகளிலிருந்தே கற்றவள். ஒரு வாரம் முன்னதாக வந்து வள்ளிமயிலோடு தங்கினாள். ஆங்கிலம் கலக்காமல் தமிழ் பேசவும் அவளுக்குப் பயிற்சி உண்டு. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் வள்ளிமயில் அவளைத் தூங்கவே விடவில்லை.

"முதல் பாடத்துலயே எங்களைப் பயமுறுத்திருவாங்கக்கா," என்றாள் ஜோவிதா, ஒருநாள் மீன் அலசிக்கொண்டே. "ஸில்லின்னா ஒரு காலத்துல கடவுள் ஆசி பெத்தவன்னு அர்த்தம். அப்புறம் அது அப்பாவின்னு ஆகி, பாவப்பட்டவன்னு ஆகி, கடைசியில அசடுன்னு வந்து நின்னுருச்சு. ஸ்டார்வ்னா முன்னாடி வெறுமனே சாகுறது. பட்டினின்னு சுருங்கினது பின்னாடிதான்."

"யாரு உக்காந்து மாத்துனது?"

"யாரும் மாத்தலைக்கா. பேசிப் பேசியே நகந்துபோச்சு. பயத்துல கொஞ்சம், கூச்சத்துல கொஞ்சம். அண்டர்டேக்கர்னா ஒரு காரியத்தை ஏத்துக்கிட்டுச் செய்யிறவர், அவ்வளவுதான். பொணம் அடக்கம் பண்றவரை நேரா அப்படிச் சொல்ல வாய் வராம, இந்த வார்த்தையால சொன்னாங்க. இப்ப அது பொணத்தோடயே ஒட்டிக்கிச்சு."

"அது எல்லா ஊர்லயும் உள்ளதுதானே? விளக்கை அணைன்னு நாம சொல்றோமா? குளிர வைன்னுதானே சொல்றோம்," என்றாள் வள்ளிமயில். சொல்லிவிட்டு அரிவாள்மனையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தன் வாயிலிருந்து வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கும் தெரியவில்லை, ஜோவிதாவுக்கும் தெரியவில்லை.

இன்னொன்றையும் ஜோவிதா கேட்டாள். பொழுது சாய்ந்தால் கதவுகளை அடைக்க வேண்டும் என்பது கையேடு. போன ஐப்பசியில் மதகு ராப்பகலாகத் திறந்தே கிடந்தது ஏன்?

"மச்சவல்லி மவன் கடல்ல போயி திரும்பலைன்னு இலாகாவுல இருந்து சீட்டு வந்துச்சு. தேடுற படகெல்லாம் வெளியில. ஒருத்தர் வெளியில இருக்கயில வீட்டுக்கதவைச் சாத்துவாங்களா?"

"மதகு ஒத்துக்கிச்சா?"

"ஆரம்பத்துல முரண்டு பிடிச்சுச்சு. எடுத்துச் சொல்லிப் புரிய வச்சேன். இப்பல்லாம் இன்னார் போயிட்டார், இன்னும் கிடைக்கலைன்னு சொன்னாலே போதும், கிடைக்கிற வரைக்கும் அதுவே திறந்து வச்சிருக்கும்." அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்தது, பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று சொல்லும் தாயின் பெருமை. ஜோவிதாவின் நெற்றி லேசாகச் சுருங்கியது. ஆனால் இத்தனை வருஷம் ஊரைக் காத்தவளிடம் வாதம் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

பொறுப்பு மாற்றும் நாளன்று இலாகா அதிகாரி ஞானசுந்தரம் காலையிலேயே வந்துவிட்டார். நல்ல மனுஷர், ஆனால் கையேட்டை விட்டு ஒரு எட்டு நகரமாட்டார். மூவரும் பேச்சறையில் நின்றார்கள். அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியே நான்கு கதவுகளும், அப்பால் பழுப்பு நிறத்தில் கடலும் தெரிந்தன. பொறுப்பை மாற்றும்போது பேச்சாளர் சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியம் கையேட்டில் இருந்தது. தமிழில் சொன்னால், 'நான் போகிறேன், இனி இவர் சொல்வதைக் கேள்.'

வள்ளிமயில் வாயைத் திறந்தாள், மூடினாள். "சார், போயிட்டு வர்றேன்னு சொல்லிக்கிறேனே. தினம் தூங்கப் போறப்பகூட அப்படித்தான் சொல்லுவேன். போறேன்னு வெறுமனே சொல்ல என்னமோ போல இருக்கு."

"அது பொய்யாயிடும்மா," என்றார் ஞானசுந்தரம். "நீங்க திரும்பி வரப்போறதில்லை. பொய்யின்னா அது ஏத்துக்காது, உங்களுக்கே தெரியும். உள்ளபடியே சொல்லிருங்க."

அதுவும் சரிதான். வள்ளிமயில் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளபடியே சொன்னாள். எப்போதும் உடனுக்குடன் பதில் சொல்லும் மதகு அன்றைக்கு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கேட்டேன்," என்றது. ஞானசுந்தரம் பெருமூச்சு விட்டு அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டார். வள்ளிமயில் சுவரை ஒரு தரம் தடவிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் அருவி நின்றிருந்தாள். நடுவில் கண்ணாடி இல்லை. வள்ளிமயில் அவள் முகத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள், வயிற்றில் கை வைத்தாள். பிள்ளை ஒரு உதை விட்டது. இரண்டு பேரும் அழுது தீர்த்த பிறகுதான் பேச்சு வந்தது. மகளின் குரல் இப்படி இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. தங்கவேலின் குரல், அதே கரகரப்பு.

"ஸாரிடி கண்ணு," என்றாள் வள்ளிமயில். "இத்தனை வருஷம் உன்னைத் தவிக்க விட்டுட்டேன். ஸாரி."

அருவி திடுக்கிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். "யாரும்மா? யாரு செத்தா?"

விளக்கம் கேட்டபோதுதான் வள்ளிமயிலுக்கு விளங்கியது. வெளியே இப்போதெல்லாம் அந்தச் சொல்லை எழவு வீட்டில் மட்டும்தான் சொல்கிறார்களாம். சாதாரணமாக ஒருவரிடம் சொன்னால் அடிக்க வருவார்களாம். பஸ் நிலையத்தை ஒட்டிய ஓட்டலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே அருவி பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அத்தையைப் பற்றி, புருஷனைப் பற்றி, தான் பார்க்கும் வேலையைப் பற்றி. பாதிதான் வள்ளிமயிலுக்குப் புரிந்தது. புரியாத இடத்திலெல்லாம் தலையை ஆட்டினாள். புரியவில்லை என்று சொன்னால் மகள் பேச்சை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"புரியலைன்னா கேளும்மா," என்றாள் அருவி. அவள் கண்டுபிடித்துவிட்டாள். "தலையை ஆட்டி ஆட்டியே கண்ணாடிக்குப் பின்னாடி காலத்தைக் கழிச்சது போதாதா?"

வெயில் சட்டென்று மங்கியது அப்போதுதான். காற்று ஓட்டலின் தட்டியைப் பிய்த்து எறிந்தது. மத்தியானம் கடல் ஏறும் என்று எச்சரிக்கை வந்திருந்ததாம், ஆனால் மதகு இருக்கும் ஊரில் யார் அதற்குப் பயப்படுவார்கள்? கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது. ஊதிய சங்கு நிற்கவில்லை. மீன்காரத் தெருவிலிருந்து சட்டி பானையோடு ஜனங்கள் மேட்டுக்கு ஓடி வந்தார்கள். அவர்கள் கணுக்கால் நனைந்திருந்ததை வள்ளிமயில் பார்த்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

ஞானசுந்தரத்தின் ஜீப் வாசலில் வந்து நின்றது. மனுஷர் தொப்பலாக நனைந்திருந்தார். "கதவு அடைய மாட்டேங்குதும்மா. ஜோவிதா தொண்டை கட்டுற மட்டும் கத்திப் பாத்துட்டா. அவ சொல்றதுல ஒரு பிசகு இல்லை, கையேட்டுல உள்ளபடியேதான் சொல்றா. அது எதையோ சொல்லிக்கிட்டே இருக்கு, எங்களுக்கு ஒண்ணும் பிடிபடலை."

"என்ன சொல்லுது?"

"வள்ளிமயில் இன்னும் கிடைக்கலை, வள்ளிமயில் இன்னும் கிடைக்கலைன்னு."

வள்ளிமயிலுக்கு விளங்கிவிட்டது. செத்தார் என்று ஒருநாளும் அவள் மதகிடம் சொன்னதில்லை. கடல்கார வீட்டுப் பெண் அந்தச் சொல்லை வாயில் வைக்கமாட்டாள். மச்சவல்லி மகன் போய்விட்டான், படகுக்காரர் கொம்பையா போய்விட்டார் என்றுதான் ஆங்கிலத்திலும் சொல்லியிருக்கிறாள். உயிரோடிருப்பவர் யார் எங்கே போனாலும் போய்வருகிறார் என்று சொல்லியிருக்கிறாள். இன்று காலை அவள் மதகின் எதிரே நின்று சொன்னது தன் சாவை. சொன்னது அவள்தான், பொய்யும் இல்லை, அதனால் மதகு நம்பியது. போனவர் கிடைக்கிற வரை கதவைச் சாத்தக் கூடாது என்றும் அவளேதான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"அது என்னைத் தேடுது சார்," என்றாள். "என் பொணத்துக்காகத் திறந்து வச்சிருக்கு."

கூடவே ஜீப்பில் ஏறிவிட்ட அருவியைக் கீழே இறக்கிவிட நேரமில்லை, அவள் இறங்குவதாகவும் இல்லை. ஜீப் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மதகுக்குப் போனது. பேச்சறையில் ஜோவிதா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள், குரல் அடியோடு போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நான்கு கதவும் அகலத் திறந்திருக்க, கடல் சுளித்துக்கொண்டு ஊருக்குள் போனது.

வள்ளிமயில் மூச்சு வாங்க நின்று, ஆங்கிலத்தில் சொன்னாள். "நான் இங்கே இருக்கிறேன்."

மதகு பேச்சை நிறுத்தியது. "வள்ளிமயில். கிடைத்துவிட்டாயா?"

"கிடைத்துவிட்டேன்."

"உயிரோடா?"

"உயிரோடுதான்."

"இதுவரை யாரும் உயிரோடு கிடைத்ததில்லை," என்றது மதகு. அதற்குச் சந்தோஷம் என்று ஒன்று உண்டா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்பே நான்கு கதவும் நகரத் தொடங்கின. அவள் கதவை அடை என்று சொல்லவில்லை. அப்படி அவள் என்றைக்கும் சொன்னதில்லை, கதவு ஓய்வெடுக்கட்டும் என்றுதான் சொல்வாள். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாள். ஜோவிதா அதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

உயிர்ச்சேதம் இல்லை. மீன்காரத் தெருவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வலைகள் போயின, ஆடுகள் போயின, பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போயின. மறுநாள் வள்ளிமயில் போய் அந்தத் தெருவைப் பார்த்தாள். மதகம்மா, நீங்க வந்து காப்பாத்திட்டீங்க என்று ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டபோது அவளுக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

திரும்பி வந்தபோது ஞானசுந்தரமும் ஜோவிதாவும் பேச்சறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி முழுக்க ஜோவிதா மதகோடு பேசிப் பார்த்திருந்தாள். ஒன்றிரண்டு சொல் அல்ல, நூற்றுக்கணக்கில் நகர்ந்திருந்தன. படகு, அலை, வீடு, பசி, அமைதி எதுவும் கட்டியவர்கள் வைத்த இடத்தில் இல்லை.

"வெளியே மாறுதுன்னு பயந்து உங்களை உள்ளே பூட்டினோம்," என்றார் ஞானசுந்தரம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இது உள்ளேயே மாறிப்போச்சும்மா. நீங்களும் அதும் மட்டும்தான் பேசிக்கிட்டீங்க. ரெண்டு பேர் தினம் பேசினாலே போதும்போல, பேச்சு நகந்துரும். எங்களுக்குத் தோணவே இல்லை."

"அப்ப நான் படிச்சது யாருக்கு சார்?" என்றாள் ஜோவிதா, கட்டிப்போன தொண்டையால். "அந்த ஆங்கிலத்தை வெளியில பேசுறவங்க இல்லை. கேட்டுக்கிட்டிருந்தது இது ஒண்ணுதான். இப்ப இதுக்கும் தெரியாது."

வள்ளிமயில் அவர்களுக்கு எதிரே வந்து நின்றாள். "சார், ஒண்ணு கேக்கணும். நான் எம் மவ கூடப் பேசியிருந்தாலும் இதுதானே ஆயிருக்கும்?"

ஞானசுந்தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"பேசாம இருந்தும் மாறிருச்சு. பேசியிருந்தா இதை விடவா மாறியிருக்கும்? அவ மொத மொத பள்ளிக்கூடம் போன கதையை எங்கிட்ட சொல்லியிருப்பா. காய்ச்சல்ல கெடந்தப்போ ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்தக் கண்ணாடி எதுக்கு சார் இருந்துச்சு?"

"மன்னிச்சுருங்கம்மா," என்றார் அவர். வேறென்ன சொல்ல முடியும்? மன்னிப்பு அவளுக்கு எட்டவில்லை. அவளுக்கு அந்த மனுஷரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரமாக வந்தது. உலுக்கி என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பும் கூடவே வந்தது, அதுதான் அவளை அழவைத்தது.

அழுது முடித்த பிறகு அவர் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். மதகுக்கு இப்போது அவள் ஒருத்தியின் பேச்சுதான் தெரியும். ஜோவிதா அதைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குள் வள்ளிமயில் வெளியேற முடியாது. வள்ளிமயில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிரசவத்துக்கு நான் போவேன், அதுல மாத்தமில்லை," என்றாள். "அதுவரைக்கும் ஜோவிதாவுக்குச் சொல்லித் தர்றேன். ஆனா மொதல்ல அந்தக் கண்ணாடியை எடுங்க. இவ புருஷன் வரட்டும், இவ அப்பா வரட்டும், ஊர்க்காரங்க வரட்டும். வந்து பேசட்டும்."

"காதுல விழுந்தா மதகு இன்னும் மாறுமேம்மா. மாறினதாலதானே தண்ணி வந்துச்சு?"

"இல்லை சார். மாறினது ஒருத்திக்கு மட்டும் தெரிஞ்சதால வந்துச்சு."

ஞானசுந்தரம் பையிலிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினார். அவள் சொன்னதற்கு அதில் மறுப்பு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்த வாரமே கண்ணாடியைக் கழற்றினார்கள்.

ஜோவிதா நன்றாகவே கற்றாள். படித்ததை மறப்பதுதான் அவளுக்குச் சிரமமாக இருந்தது, புதியது சீக்கிரம் வந்துவிட்டது. அவள் புருஷன் வந்து பேச்சறை வாசலில் உட்கார்ந்து மதுரைக் கதைகள் பேசினான். மீன்காரத் தெருப் பெண்கள் வந்து, காதில் விழட்டும் என்று மதகைத் திட்டிவிட்டும் போனார்கள். அருவிக்கு நாள் நெருங்கிவிட்டது. கிளம்ப வேண்டிய காலையில் அவள் புருஷன் வண்டியோடு வெளியே காத்திருக்க, அருவி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப் பேச்சறைக்கே வந்துவிட்டாள்.

வள்ளிமயில் மதகின் எதிரே நின்றாள். செத்தவளாக இனி ஒரு தரம் கிளம்ப முடியாது, அது திரும்பவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். திரும்பி வரப்போகிறவளாகத்தான் கிளம்ப வேண்டும். அதையும் வாயால் சொன்னால் போதாது, மனதில் இருக்க வேண்டும். மதகுக்குத் திரும்பி வந்த நாள் முதல் அவள் அதைத்தான் மனதோடு போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மீன்காரத் தெருவில் இடுப்பளவுத் தண்ணீரைப் பார்த்த கண்ணால் வேறு எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

"என் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது," என்றாள் ஆங்கிலத்தில். "நான் கூட இருக்க வேண்டும். ஜோவிதா என் இடத்தில் இருப்பாள். நான் திரும்பி வருவேன்."

"எப்போது?" என்றது மதகு.

அப்படி அது கேட்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். தாய் இருந்தும் தாய் இல்லாமல் வளர்ந்த பெண். பிறக்கப்போகும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும், மருந்து உரைத்துக் கொடுக்க வேண்டும், கவிழ்வதையும் தவழ்வதையும் பார்க்க வேண்டும். வெளியே கதவுகளுக்கு அப்பால் கடல் இருந்தது. அவள் பொய்யில்லாமல் எவ்வளவு தூரம் சொல்ல முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிச் சொன்னாள்.

"குழந்தை நடக்கத் தொடங்கியதும்."

மதகு அந்தக் குரலைச் சோதித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. "நம்புகிறேன்," என்றது. ஞானசுந்தரம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இலாகா அவளைத் திரும்பி வரச் சொல்லவில்லை, இனி சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

அருவிக்கு அந்த ஆங்கிலம் ஒரு சொல்லும் புரியவில்லை. வண்டிக்குப் போகும் படியில் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அதுகிட்ட என்னம்மா சொன்ன? அவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கிட்டார்?"

வள்ளிமயில் சொன்னாள். மறைக்கவில்லை. உன் பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் நான் இங்கே திரும்பி வந்துவிடுவேன் என்று, ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள்.

அருவி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். பிறகு பையை அவள் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"அப்ப எம் புள்ளைய நான் கீழயே இறக்கிவிட மாட்டேன் போ."